மேடையில் முறிந்த நிகாஹ்

என் புருஷன் ஸக்கரியா அல்லாஹ் இல்லை என்று கத்தியபோது பலாபத்வல பாடசாலை மண்டபத்தில் நானூறு பேர் இருந்தார்கள். நானும் இருந்தேன். பெண்கள் பக்கத்து வெள்ளைத் திரைக்குப் பின்னால், மூட்டைப்பூச்சி கடிக்கிற ஒரு வாங்குப் பலகையில். அது நாடகம்தான். அறுபத்து நாலாம் வருஷம், வாசிகசாலைக் கட்டடத்துக்காக யாகூப் மாஸ்டர் எழுதி, பழக்கி, மறைவில் நின்று தகரம் தட்டி இடி முழக்கமும் கொடுத்த நாடகம். மறுநாள் விடிந்தபோது எனக்குப் புருஷன் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

சிரிக்கிறதென்றால் சிரியுங்கள், எனக்கென்ன. நானும் பாதி சிரித்துக்கொண்டுதான் சொல்கிறேன்.

முதலில் இந்த யாகூப் மாஸ்டரைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊர்ப் பாடசாலையில் தமிழ் படிப்பித்தவர். சனிக்கிழமை சனிக்கிழமை பஸ் ஏறிக் கண்டிக்குப் போய் ஏதோ சொற்பொழிவு கேட்டுவிட்டு வருவார். ஒரு சனிக்கிழமை 'மனப்போராட்டம்' என்ற சொல்லோடு வந்து இறங்கினார். அதற்குப் பிறகு அவர் வாயில் வேறு சொல் நிற்கவில்லை. எங்கள் வீட்டு முன்கூடத்தில் உட்கார்ந்து, நான் கொடுத்த பிளேன்டியைக் குடித்துக்கொண்டு எனக்கே பாடம் நடத்தினார்.

"தங்கச்சி, பழைய நாடகமெல்லாம் ராசா, ராணி, வாள் சண்டை. நவீன நாடகம் எண்டா சண்டை மனசுக்குள்ள நடக்கணும். மார்க்கம் ஒரு பக்கம் இழுக்கும், மனசு ஒரு பக்கம் இழுக்கும். நடுவுல மனுசன் ரெண்டாக் கிழியணும்."

"பொம்பளைக்குக் கிழியாதா மாஸ்டர்?" என்று திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் பகிடி விட்டேன் என்று நினைத்துக்கொண்டார், பாவம்.

'ஈமானும் இதயமும்' என்பது நாடகத்தின் பெயர். ஈமான் என்றால் மார்க்க நம்பிக்கை. ஐந்து வேளை தவறாமல் தொழுகிற ஒரு வியாபாரி. ஒரே ஆண் பிள்ளை. அது உயிர் போய் மௌத்தாகிவிடுகிறது. உடனே அந்த மனுஷன் படைத்தவனோடு சண்டைக்கு நிற்கிறான், நீ இல்லை என்கிறான், கடைசிக் காட்சியில் பள்ளிவாசல் படியில் விழுந்து மன்னிப்புக் கேட்டுத் தௌபா செய்கிறான். அவனுக்கு ஒரு பெண்சாதியும் உண்டு. இறைச்சிக்கடை ரவூப் மீசையை வழித்துச் சேலை கட்டிக்கொண்டு அந்த வேஷத்தில் வந்தார். அந்தத் தாய்க்கு முழு நாடகத்திலும் ஒரே ஒரு வசனம்தான். மூன்று காட்சியில் வந்து, "பொறுமையாய் இருங்கள் நாதா" என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். மாத்தளையில் எந்த முஸ்லிம் பெண் புருஷனை நாதா என்கிறாள்? போகட்டும். பிள்ளையைப் பெற்றவளுக்கு மனமும் இல்லை, போராட்டமும் இல்லை என்று மாஸ்டர் முடிவு பண்ணிவிட்டார். அதுதான் எனக்கு எரிந்தது.

வியாபாரி வேஷத்துக்கு ஸக்கரியாவைக் கேட்டார்கள். மோதினாருக்குச் சுகமில்லாத நாட்களில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொல்கிறவர் அவர்தான். அந்தக் குரல் மிளகுத் தோட்டங்களைத் தாண்டி அடுத்த கிராமம் வரைக்கும் கேட்கும். ஆனால் பேச்சு? மாத்தளை டவுனில் கராம்பும் சாதிக்காயும் வாங்கி விற்கிற மனுஷன், விலையைத் தவிர இரண்டு சொல் சேர்த்துப் பேசமாட்டார். மறுத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். மாஸ்டர் கேட்டு வாய் மூடுவதற்குள் சரி என்றார்.

எனக்கு ஆச்சரியம். அதைவிட ஆத்திரம். ஏனென்றால் எங்களுக்கும் ஒரே ஆண் பிள்ளைதான். எங்களுடையதும் மௌத்தாகியிருந்தது.

சாலிஹ். ஆறு வயது. நாடகத்துக்கு மூன்று வருஷத்துக்கு முந்தி, ஒரு திங்கட்கிழமை காய்ச்சல் கண்டது. எனக்கும் கண்டது. புதன்கிழமை அவனை மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எனக்குக் காய்ச்சல் என்பதால் வாட்டுக்குள் விடவில்லை. அவனுடைய வாப்பாதான் கூட இருந்தார். வெள்ளிக்கிழமை காலை மய்யித்தாக வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு அடக்கிவிட்டார்கள்.

நான் வாய்விட்டு அழுதேன். வேறென்ன செய்ய? ஸக்கரியா வாசலில் வந்து நின்று, "சத்தம் போட்டு அழாதீங்க மஸூதா. பாவம். அல்லாஹ் தந்தான், அல்லாஹ் எடுத்தான். ஸபூர் செய்ங்க, பொறுமையா இருங்க" என்றார். கண் வறண்டிருந்தது. சுற்றி இருந்த பெண்கள் என் முந்தானையை எடுத்து என் வாயிலேயே அடைத்தார்கள். மறுநாள் சனிக்கிழமை, அவர் கடை திறந்தார்.

அதற்குப் பிறகு மூன்று வருஷம் அந்தப் பெயரை அவர் வாயால் சொல்லிக் கேட்டதில்லை. எங்கள் பக்கத்தில் புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டோம், பிள்ளையின் பெயரைச் சொல்லி இன்னாரின் வாப்பா என்போம். நாற்பது கழிந்த அடுத்த நாள், "இனி அப்படிக் கூப்பிட வேணாம்" என்றார். சரி என்று 'இந்தாங்க' என்று கூப்பிடத் தொடங்கினேன். சோறு போட்டேன், சாரம் துவைத்தேன். வெறுத்தேன். ஒளிக்க என்ன இருக்கிறது, அந்த மனுஷனை நான் நெஞ்சார வெறுத்தேன். பெற்ற பிள்ளைக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவனை வேறென்ன செய்வதாம்?

அப்படிப்பட்டவர் மேடையில் ஏறினார். முதலிரண்டு காட்சியும் வெட்கக்கேடு. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அங்கேயும் இங்கேயும் நடந்தால் மனப்போராட்டமாம். நடக்கிறார், திரும்புகிறார், தகரம் இடிக்கிறது, ரவூப் வந்து "பொறுமையாய் இருங்கள் நாதா" என்கிறார், பின்வரிசைப் பையன்கள் விசில் அடிக்கிறார்கள். நான் எழுந்து வீட்டுக்குப் போகலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் காட்சியில் வெள்ளைத் துணி சுற்றிய ஒரு தலையணையைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்கள். அதுதான் பிள்ளை. அவர் அதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். வசனம் மறந்துவிட்டது என்று நினைத்து மாஸ்டர் மறைவிலிருந்து எடுத்துக் கொடுத்தார், எங்களுக்கே கேட்டது. ஸக்கரியா மண்டியிட்டு அந்தத் தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"சாலிஹ்" என்றார்.

மூன்று வருஷத்துக்குப் பிறகு அந்த வாயில் அந்தப் பெயர்.

"சாலிஹ், எங்கட ராசா, வாப்பாவப் பாருங்க மகன்." பிறகு தலையைத் தூக்கினார். "ஏன் எடுத்த? ஆறு வயசுப் பிள்ளைய உனக்கு என்னத்துக்கு? கேக்கிறேன், சொல்லு! நீ இல்ல. இருந்தா சொல்லியிருப்ப. நீ இல்லவே இல்ல!"

பாங்கு சொல்கிற அதே குரல். பிறகு அழுதார். நாடகத்து அழுகை எப்படியிருக்கும் என்று எங்களுக்கெல்லாம் தெரியும், தோளைக் குலுக்குவார்கள், துண்டால் முகத்தை மூடுவார்கள். இது அது இல்லை. மூக்கு வடிந்தது, வாய் கோணிப்போனது, பார்க்க அசிங்கமாக இருந்தது. தகரம் இடிக்கவில்லை. மாஸ்டருக்கே கை ஓடவில்லை போலிருக்கிறது.

பக்கத்து வீட்டு உம்மு குல்தூம் தாத்தா, எங்களுக்குத் தாத்தா என்றால் அக்கா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு என் விலாவில் இடித்தாள். "யா அல்லாஹ், என்ன நடிப்பு புள்ள! சினிமாக்காரன் எல்லாம் தோத்தான்."

எனக்கு வந்தது இரக்கம் இல்லை, ஆத்திரம். கண்ணீர் இருந்திருக்கிறது இந்த மனுஷனிடம். மூன்று வருஷமாக இருந்திருக்கிறது. அதை நானூறு பேருக்கு டிக்கட் போட்டுக் கொடுக்கிறார், எனக்கு ஒரு சொட்டுத் தரவில்லை.

முன்வரிசையில் இருந்த மீராசாஹிப் லெப்பை எழுந்தார். எங்கள் பள்ளிவாசலில் தொழுவிக்கிறவர், ஊர்ப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கிறவர், என் மகனைக் குளிப்பாட்டி அடக்கியவரும் அவர்தான். "அஸ்தஃபிருல்லாஹ்" என்று மூன்று தரம் சொன்னார். குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அவர் பின்னால் முன்வரிசை முழுக்க எழுந்து போனது. கடைசிக் காட்சியில் தௌபா இருக்கிறது, தௌபா இருக்கிறது என்று மாஸ்டர் அவர்கள் பின்னாலேயே ஓடினார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

விடியற்காலைத் தொழுகை முடிந்ததும் தீர்ப்பு வந்துவிட்டது. வாயால் குஃப்ரு பேசினால், அதாவது அல்லாஹ்வை மறுத்தால், ஈமான் போச்சு. ஈமான் போனால் நிகாஹ் போச்சு. ஈமான் இல்லாதவனோடு ஒரு முஸ்லிம் பெண் ஒரே கூரைக்குக் கீழே இருக்க ஏலாது. ஸக்கரியா பாயைச் சுருட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். கராம்பு மூட்டைகளுக்கு நடுவில் படுத்தாராம்.

எழுதிய யாகூப் மாஸ்டருக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். ஒன்றும் ஆகவில்லை. எழுதினவன் வேறு, பாத்திரம் வேறு என்று அவர் லெப்பைக்கு நவீன இலக்கியம் விளங்கப்படுத்தினார். லெப்பைக்கு அது விளங்கவில்லை, ஆனால் களைப்பு வந்துவிட்டது. சேலை கட்டிய ரவூப்புக்கும் ஒன்றும் ஆகவில்லை. மூன்று ஆண்கள் சேர்ந்து செய்த நாடகத்தில் உடைந்தது என் கலியாணம் ஒன்றுதான். மாஸ்டருக்கு உள்ளுக்குள் சந்தோஷம் வேறு. "பாத்தீங்களா தங்கச்சி, நாடகம் வேலை செஞ்சிரிச்சு" என்று என்னிடமே வந்து சொன்னார். வெட்கம் இருக்கிறதா பாருங்கள்.

என் நானா, கூடப்பிறந்த அண்ணன் றஹீம், பல்லேபொலவிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். வாப்பா இல்லாத எனக்கு அவர்தான் வலி, நிகாஹ்வுக்குப் பொறுப்பாளர், என்னைக் கட்டிக்கொடுத்தவர். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முன்கூடத்தில் நின்றுகொண்டு, என்னைப் பல்லேபொலவுக்குக் கொண்டுபோவதா, இங்கேயே விடுவதா என்று வந்தவர்களிடம் ஆலோசனை கேட்டார். மூட்டைக்குக்கூட இறக்கிவைக்கிற இடத்தை முதலில் பார்த்துவைப்பார்கள்.

ஊர்ப் பெண்கள் துக்கம் விசாரிக்க வந்தார்கள். ஸக்கரியாவுக்குச் சோறு அனுப்பலாமா கூடாதா என்பது அவர்களுடைய பெரிய கேள்வி. அந்நிய ஆணுக்கு அனுப்பினால் என்ன சொல்வார்கள்? பசித்தவனுக்கு அனுப்பினால் நன்மை அல்லவா? இப்படியே ஒரு பானைச் சோற்றைச் சுற்றி இரண்டு நாள் பேசினார்கள். எதிர்வீட்டுச் சிங்கள நோனா மட்டும் வேலிப் பக்கம் நின்று, "ஏக்க நாட்யயக் நேத மஸூதா?" என்றாள். அது நாடகம்தானே என்கிறாள். அவளுக்கு நான் என்னத்தைச் சொல்ல.

புதன்கிழமை கண்டியில் ஒரு பெரிய மார்க்க ஆலிமிடம் போய்க் கேட்டுவிட்டு வந்தார்கள். அவர் ஒரு வழி சொல்லியிருந்தார். வேஷத்துக்காக வாயால் மட்டும் சொன்னதென்றால் ஈமானுக்குப் பங்கமில்லை, நிகாஹ் அப்படியே இருக்கிறது. நெஞ்சாலும் சொன்னதென்றால் கலிமா சொல்லி ஈமானுக்குத் திரும்பி, நிகாஹ்வைப் புதிதாகச் செய்ய வேண்டும். சொன்ன ஆளிடமே கேளுங்கள் என்றாராம். ஊருக்கு மூச்சு வந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு எங்கள் வீட்டில் வைத்துக் கேட்பது என்று முடிவாயிற்று. பதிலையும் அவர்களே முடிவு பண்ணிவிட்டார்கள். "நடிப்பு எண்டு ஒரு சொல்லுச் சொன்னாப் போதும் மச்சான்" என்று நானா கடைக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

எனக்குத்தான் போதவில்லை. அந்த அழுகை நடிப்பென்றால், என் பிள்ளையின் மய்யித்தை மேடைக்குக் கொண்டுபோய்க் காட்டிக் கைதட்டு வாங்கிய மனுஷன் அவர். அவரோடு ஒரு நாள்கூட என்னால் வாழ ஏலாது, கண்டியில் எந்த ஆலிம் ஒட்டவைத்தாலும் சரி. நெசமென்றால் நிகாஹ் முறிகிறது. ஆனால் எனக்கு என் பிள்ளையின் வாப்பா கிடைக்கிறார். ஊருக்கு எது ஒட்டுமோ அது எனக்கு முறியும், ஊருக்கு எது முறியுமோ அது எனக்கு ஒட்டும். இதைத்தான் யாகூப் மாஸ்டர் கண்டி வரைக்கும் பஸ் ஏறித் தேடிக்கொண்டிருந்தார். அது என் குசினி அடுப்படியில் கிடந்தது, அவர் எட்டிப் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் ஸக்கரியா எங்கள் வீட்டின் பின்பக்கம் வந்தார். ஜும்ஆவுக்குக் கட்ட வெள்ளைச் சாரம் வேண்டுமாம். குசினிக் கதவுக்கு வெளியே, முகத்தைப் பலா மரத்தின் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார், நான் யாரோ மாதிரி.

"நாளைக்கு என்ன சொல்லப் போறீங்க?" என்று கேட்டேன்.

"நடிப்பு எண்டுதான் சொல்லணும்."

"சொல்லணுமா? இல்ல, அப்படித்தானா?"

அவர் பலா மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தாடியில் ஒரு நாலைந்து நரை புதிதாக வந்திருந்தது.

"சாரத்தத் தாங்க மஸூதா" என்றார்.

எடுத்து நீட்டாமல் படியில் எறிந்தேன். குனிந்து எடுத்துக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை முன்கூடம் நிறைந்துவிட்டது. லெப்பை, நானா, யாகூப் மாஸ்டர் நாடகக் கொப்பியோடு, ரவூப், பள்ளிவாசல் நிர்வாகிகள் இரண்டு பேர். நடுவில் ஸக்கரியா. நான் உள்ளறை வாசலில், திரைச்சீலைக்குப் பின்னால். பிளேன்டி குடித்தார்கள். பிஸ்கட் தின்றார்கள். மழை வருமா வராதா என்று பேசினார்கள். பிறகு லெப்பை தொண்டையைச் செருமினார்.

"ஸக்கரியா, ஒரே ஒரு கேள்விதான். அண்டைக்கு அந்த வார்த்தைய வாயால மட்டும் சொன்னீங்களா, நெஞ்சாலயும் சொன்னீங்களா?"

"நடிப்புதான் லெப்பை."

வீடு முழுக்க மூச்சு விட்டது. நானா தொடையில் தட்டினார். ரவூப் இரண்டாவது பிஸ்கட்டை எடுத்தார். முடிந்தது, என் வாழ்க்கை இந்த வீட்டில் இதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் லெப்பை. "அப்ப ஒரு சத்தியம் மட்டும் செஞ்சிருங்க. வல்லாஹி, நடிப்புத்தான் எண்டு. அதோட காரியம் முடிஞ்சிது."

ஸக்கரியா வாயைத் திறந்தார். திரைச்சீலைக்குள்ளிருந்து நான் முந்திக்கொண்டேன்.

"பொய்ச் சத்தியம் பண்ணாதீங்க" என்றேன்.

ஆண்கள் கூடிய சபையில் பெண் குரல். எல்லாரும் தாங்கள்தான் தப்புப் பண்ணியதுபோல் தரையைப் பார்த்தார்கள். "தங்கச்சி, நீ பேசாம இரு" என்றார் நானா.

"பேசாமத்தான் இருந்தேன் நானா, மூணு வருசம். மாஸ்டர், உங்கட கொப்பியில அந்தப் பிள்ளைக்கு என்ன பேரு?"

மாஸ்டருக்கு அவருடைய எழுத்தைப் பற்றி யார் கேட்டாலும் சந்தோஷம்தான். கொப்பியைப் புரட்டினார். "பேரே வைக்கல்ல தங்கச்சி. அது ஒரு உத்தி. பேரில்லாத பிள்ளை எண்டா எல்லார்ட பிள்ளையும்தானே. 'மகனே, என் மகனே' எண்டு மட்டும்தான் எழுதியிருக்கேன்."

"அப்ப சாலிஹ் எங்கயிருந்து வந்தான்?"

மாஸ்டர் கொப்பியை மூடினார். அந்த மனுஷனுக்கு அப்போதுதான் விளங்கியது. நாடகம் எழுதுகிறவர், பழக்குகிறவர், மனசைப் பற்றி ஊருக்கெல்லாம் வகுப்பெடுக்கிறவர்! லெப்பை தாடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டிய கை அது, மறந்திருக்காது.

"ஸக்கரியா?" என்றார் மெதுவாக.

"நெஞ்சாலதான் சொன்னேன்" என்றார் என் புருஷன். திரும்பச் சொன்னார். "நெஞ்சாலதான் லெப்பை. அண்டைக்கு மட்டுமில்ல. மூணு வருசமா ஒவ்வொரு வக்துத் தொழுகைலயும் சொல்றேன். ஸுஜூதுல தலைய வெச்சிக்கிட்டுச் சொல்றேன், நீ இல்ல எண்டு. யாருக்கிட்டச் சொல்றேன் எண்டு எனக்கே வெளங்கல்ல. தொழாம இருக்கவும் ஏலல்ல. பாங்கும் சொல்றேன். அதே வாயாலதான்."

நான் திரைச்சீலையைக் கையில் பிடித்துச் சுருட்டிக்கொண்டிருந்தேன், அது அறுந்து என் கையோடு வந்துவிட்டது. அறுந்தது அறுந்ததுதான் என்று தலையில் முக்காட்டை இழுத்துவிட்டு அப்படியே நின்றேன்.

லெப்பைக்கு இனிப் பிடித்துக்கொள்ளச் சட்டம் ஒன்றுதான் இருந்தது. பாவம், வேறு என்ன இருக்கிறது அவரிடம்? கலிமா சொல்லச் சொன்னார். ஸக்கரியா சொன்னார், ஒவ்வொரு சொல்லாக, அழுதுகொண்டே. "நல்லது. வலி இரிக்கிறாரு. சாட்சி ரெண்டு பேர் இரிக்கிறாங்க. மஹர்க் காசப் பேசி இப்பவே நிகாஹ்வ முடிச்சிரலாம். கால் மணித்தியால வேலை" என்றார். நானா உடனே, "என்ட தங்கச்சிக்குச் சம்மதம்தான்" என்றார்.

"இல்ல றஹீம், அது சரிவராது" என்றார் லெப்பை. "கன்னிப் பொண்ணு எண்டா மௌனம் சம்மதம். இவ ஏற்கனவே வாழ்ந்தவ. வாயத் தொறந்து சொல்லணும்."

அப்படியா சங்கதி! முதல் நிகாஹ்வின்போது, பதினைந்து வயதில், பல்வலியோடு மூலையில் சுருண்டு கிடந்தேன், கன்னம் வீங்கி வாய் திறக்க ஏலாமல். அதைச் சம்மதம் என்று எழுதிக்கொண்டு போனார்கள். இப்போது என் வாயிலிருந்து சொல் வந்தால்தான் காரியம் நடக்குமாம். ஆறு ஆண்களும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸக்கரியா மட்டும் பார்க்கவில்லை.

"இப்ப ஏலாது" என்றேன்.

"ஏன் புள்ள? மனசுக்குப் புடிக்கல்லயா?"

"மய்யித்து வீட்ல வந்து யாராவது கலியாணம் பேசுவாங்களா லெப்பை?"

"யாருக்குடி மௌத்து? என்ன உளர்ற?" என்று நானா எழுந்துவிட்டார்.

"எங்கட மகனுக்கு. நீங்க எல்லாரும் மூணு வருசத்துக்கு முந்தி அடக்கிட்டுப் போயிட்டீங்க. இந்த வீட்ல அவன் இப்பத்தான் மௌத்தானான். மௌத்துக்கு மூணு நாள் துக்கம் மார்க்கத்துலயே இரிக்கிதானே? எங்களுக்கு ஒரு நாளும் கிடைக்கல்ல. மூணு நாள் கழிச்சு வாங்க. சம்மதமா இல்லையா எண்டு வாயத் தொறந்தே சொல்றேன்."

"மூணு வருசம் கழிஞ்ச துக்கத்துக்கு..." என்று லெப்பை தொடங்கினார். எந்த மார்க்கக் கிதாபில் தேடுவதென்று அவருக்கே தெரியவில்லை. பிறகு வேறு ஒன்று ஞாபகம் வந்தது. "ஆனா ரெண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழ இருக்க ஏலாது, புள்ள."

"அவர் வெளிய படியில இருப்பாரு. நான் உள்ள இருப்பேன். வாசல் தொறந்தே கிடக்கும். ஊர் முழுக்க வந்து பாக்கலாம், டிக்கட் இல்லாம."

லெப்பை குடையை எடுத்தார். போகும்போது ஸக்கரியாவின் தோளில் ஒரு தரம் கையை வைத்து எடுத்தார். மற்றவர்கள் செருப்புத் தேடினார்கள். மாஸ்டர் கடைசியாகப் போனார், ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல். அவருக்கு இவ்வளவு அறிவு வந்ததே பெரிய காரியம்.

ஸக்கரியா படியில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். நான் உள்ளே தரையில் உட்கார்ந்தேன். ரோட்டில் யாழ்ப்பாணத்துக்குப் போகிற லொறிகள் போய்க்கொண்டிருந்தன. எனக்கு ஆத்திரம் முழுதும் போய்விடவில்லை. மூன்று வருஷம் என்பது விளையாட்டா?

பிறகு அவர் திரும்பாமலேயே சொன்னார்.

"ஆஸ்பத்திரில, விடிய முந்தி அவன் தண்ணி கேட்டான், மஸூதா. குடுக்க வேணாம் எண்டு டாக்டர் சொல்லியிருந்தாரு. வாப்பா, ஒரு வாய் எண்டு கேட்டான். நான் ஸபூர் செய்ங்க மகன் எண்டு சொன்னேன்."

அவன் கடைசியாகப் பேசியது என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நான் நகர்ந்து நகர்ந்து வாசற்படிக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தேன். உம்மு குல்தூம் தாத்தா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். பார்க்கட்டும் என்று இரண்டு பேரும் வாய்விட்டு அழுதோம்.